கொல்லன் பெயர் சொல்லும் ஆங்கில வரலாறு

தனித்தமிழ் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிக்கும் தமிழ்ப் பகைவரும், பகைவரல்லராயினும் அவர்தம் கூற்றை ஆராயாது ஏற்கும் தமிழ்ப் பற்றாளர் சிலரும், ஓர் எடுத்துக்காட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு திரிவர். ‘ஆங்கிலத்தைப் பாருங்கள். அஃது எம்மொழிச் சொல்லையும் தயங்காது ஏற்றது, ஆதலால் ஞாலமொழியாயிற்று. தமிழும் அவ்வாறே கதவைத் திறந்துவைத்தல் வேண்டும்’ என்பதே அது. கல்லூரி ஆசிரியர் முதற்கொண்டு செய்தித்தாள் எழுத்தாளர் வரை இதனைச் சொல்லாதார் அரியர். ஆங்கிலம் கதவைத் திறந்துவைத்து விருந்தினரை அழைத்ததா, அன்றி அதன் கதவு உடைக்கப்பட்டதா என்பதை மட்டும் அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.

இதனை அறியப் பேரகரமுதலிகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஆங்கிலேயரிடைப் பெருவரவிற்றாய் வழங்கும் குடிப்பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வழியே பின்னோக்கி நடந்தாலே போதும். அப்பெயர் ‘சுமித்து’ என்பது. இங்கிலாந்திலும் அமெரிக்க ஒன்றிய நாடுகளிலும் எண்ணிக்கையில் முதலிடம் பெற்று நிற்பது இதுவே. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டு எடுத்த மக்கள் தொகைக் கணக்கின்படி இப்பெயரினர் 24 இலக்கத்திற்கும் மேற்பட்டவர். பொருளோ மிக எளிது. சுமித்து என்றால் கொல்லன். இரும்பை உலையிலிட்டுப் பட்டடைமேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பவனே சுமித்து. செருமானியரின் ‘சுமிட்டு’, சுவீடியரின் ‘சுமெட்டு’ ஆகிய பெயர்கள் அதன் உடன்பிறப்புகள்.

ஏரும் அரிவாளும் இலாடமும் வேலும் வேண்டாத ஊர் எங்குமில்லை. ஆதலின் கொல்லன் இல்லாத ஊரும் எங்குமில்லை. இத்தாலியரின் பெராரி, பிரெஞ்சியரின் இலெபெவர், இசுப்பானியரின் எர்ரெரோ, போலந்தியரின் கொவால்சுகி, உருசியரின் குசுனெத்சோவ், அரபியரின் அத்தாது ஆகிய யாவும் கொல்லர் பெயர்களே. செல்வர் வீட்டு வாயிலில் உறுமிக்கொண்டு நிற்கும் பெராரி உந்துவண்டியின் பெயர், ஒரு காலத்தில் கரிபடிந்த கையினன் ஒருவனைக் குறித்தது என்பதை அவ்வண்டியை ஓட்டுவோர் அறிவரோ, அறியார்.

ஆயினும் ஆங்கிலக் கொல்லன் பெயருக்குள்ள வரலாறு பிற பெயர்களுக்கில்லை. அது 1066 ஆம் ஆண்டில் தொடங்குகின்றது.

அவ்வாண்டு நார்மண்டித் தலைவனாகிய வில்லியம் கடல்கடந்து வந்து, ஏசுடிங்சு என்னுமிடத்தில் ஆங்கில வேந்தன் அரால்டைக் கொன்று நாட்டைக் கைப்பற்றினான். வந்த நார்மனியர் பேசியது பிரெஞ்சு. அதுவும் அவர்தம் தாய்மொழியன்று என்பது கருதத்தக்கது. 911 ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு நாட்டின் வடகரையிற் குடியேறிய வடபுலக் கடலோடிகளின் வழிவந்தோர் அவர்கள். நான்கைந்து தலைமுறைக்குள் தம் மொழியைத் தொலைத்துவிட்டுப் பிறர் மொழியைத் தம் மொழியாகக் கொண்டவர்கள். தன் மொழியை இழந்தவனே பிறன் மொழியை மிதிப்பதில் முனைந்து நிற்பான் போலும். இருபதாண்டு கழித்து, 1086 ஆம் ஆண்டில் வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்கேட்டை மக்கள் ‘தீர்ப்பு நாள் ஏடு’ என்று பின்னர் அழைத்தனர். அவ்வேட்டில் பெருநிலக்கிழாராக விளங்கிய ஆங்கிலேயர் பெயரைத் தேடித்தான் எடுத்தல் வேண்டும். நிலம் கைமாறியது; மாதா கோயில்களின் தலைமை கைமாறியது; அரசவையின் மொழி மாறியது. அடுத்து மாறியது மக்கள் பெயர்.

நார்மனியர் வருமுன் ஆங்கிலேயர்க்கு இருந்த பெயர்கள் அவர்தம் சொந்தச் சொற்களால் ஆயவை. காட்வின் என்றால் கடவுளின் நண்பன். ஆல்பிரட்டு என்றால் அணங்கின் அறிவுரையன். வுல்பிசுட்டன் என்பதில் ஓநாயும் கல்லும் உள்ளன. ஒவ்வொரு பெயரும் கேட்டவர்க்குப் பொருள் விளங்க நின்றது. இருநூறாண்டுக்குள் இவை ஏறத்தாழ முற்றும் அழிந்தன. வில்லியம், இராபர்ட்டு, இரிச்சர்டு, வால்ட்டர், என்றி என்று ஆண்டவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களே ஆளப்பட்டவர் வீடுகளிலும் நிறைந்தன. இப்பெயர்களை வைத்துக்கொள்ளும்படி எவனும் சட்டமியற்றவில்லை, வாள்முனையில் நிறுத்தவுமில்லை. பின் எவ்வாறு நேர்ந்தது? இரண்டு நிகழ்ச்சிகள் விடை கூறும்.

முதலாம் என்றி மன்னன் 1100 ஆம் ஆண்டில் மணந்த பெண், பழைய ஆங்கில அரச குடியின் வழியில் வந்த எடித்து என்பவள். மணம் முடிந்ததும் எடித்து என்னும் ஆங்கிலப் பெயர் அரண்மனைக்கு ஒவ்வாததாயிற்று. அவள் மட்டில்டா ஆனாள். அவ்வளவு விட்டுக்கொடுத்தும் நார்மனியப் பெருமக்கள் விடவில்லை. ஆங்கிலக் குடிப்பெண்ணை மணந்தான் என்பதற்காக அரசனையும் அரசியையும் ‘காட்ரிக்கு’, ‘காட்கிபு’ என்னும் நாட்டுப்புற ஆங்கிலப் பெயர்களால் அழைத்து எள்ளி நகைத்தனர் என்று, அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த மால்மசுபரி வில்லியம் என்னும் துறவி எழுதிவைத்துள்ளார். ஆங்கிலப் பெயர் அரசவையில் வசைச்சொல்லாகிவிட்டது.

மற்றொன்று அரண்மனையில் நிகழாதது; ஆதலின் இன்னும் உள்ளத்தைத் தைப்பது. வடபுலக் கடற்கரையூராகிய விட்பியில் ஒரு சிறுவனுக்குப் பெற்றோர் தோசுட்டி என்னும் பழம்பெயர் இட்டிருந்தனர். உடன் விளையாடும் சிறுவர்கள் அப்பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். பெற்றோர் பொறுக்கமாட்டாது மகன் பெயரை வில்லியம் என்று மாற்றினர். அச்சிறுவன் பின்னாளில் துறவு பூண்டு பார்த்தலோமியு என்னும் பெயருடன் பார்ன் தீவில் தனித்து வாழ்ந்து 1193 ஆம் ஆண்டில் மறைந்தான். அவன் வரலாற்றை எழுதியவர் இதனைக் குறிக்காது விட்டிருந்தால், ஒரு நாட்டின் பெயர்கள் எவ்வாறு மாண்டன என்பதற்குரிய நேர்ச்சான்று கிடைத்திராது. வெற்றிபெற்றவன் வாளைக் காட்டவில்லை. தோற்றவனின் பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். அவ்வளவே வேண்டியிருந்தது.

முத்தம்மாள், கறுப்பாயி, மண்ணாங்கட்டி என்னும் பெயர்களைக் கேட்டு வகுப்பறையிற் சிரித்த சிரிப்பையும், அச்சிரிப்புக்கு அஞ்சிப் பொருள் தெரியாத வடமொழிப் பெயர்களைத் தேடிப்பிடித்துப் பிள்ளைகளுக்கு இட்ட தமிழ்ப் பெற்றோரையும் அறிந்தவர்க்கு, விட்பியூர்ச் சிறுவன் அயலானாகத் தோன்றான்.

இனிக் கொல்லனிடம் வருவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. பெயர்கள் சுருங்கிய அந்நிலையே குடிப்பெயர்கள் பெருகக் கரணியமாயிற்று. ஓர் ஊரில் ஐந்து வில்லியமும் ஆறு இராபர்ட்டும் இருந்தால் எவனை எவ்வாறு அழைப்பது? குளத்தருகு வில்லியம், கட்டைக்கால் வில்லியம், கொல்லன் வில்லியம் என்று அடைகொடுத்தே அழைத்தல் வேண்டும். பெருநிலக்கிழார் தாம் விட்டுவந்த நார்மண்டி ஊர்களின் பெயரைக் குடிப்பெயராக வைத்துக்கொண்டனர். பெர்சி, மார்ட்டிமர், நெவில் என்பன அத்தகையன. அவர்களுக்கு ஊர் இருந்தது, நிலம் இருந்தது. உழைத்துண்டவனுக்குக் கையிலிருந்த தொழில் ஒன்றே இருந்தது. ஆதலின் இயற்பெயரைப் பறிகொடுத்த ஆங்கிலேயன், அடைபெயரில் தன் மொழியை வைத்துக் காத்தான். 1400 ஆம் ஆண்டளவில் அவ்வடைபெயர் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடிப்பெயராகப் பெரும்பாலான வீடுகளில் நிலைத்துவிட்டது. மகன் நெசவு செய்தாலும் ஆடு மேய்த்தாலும் பெயர் சுமித்தே. ஆங்கே பெயர் மட்டும் தங்கித் தொழில் கழன்றுகொண்டது. தமிழ்நாட்டிலோ தொழிலைப் பிறப்போடு கட்டி, கட்டியவனை உயர்வென்றும் கட்டுண்டவனைத் தாழ்வென்றும் வைத்த கொடுமை நேர்ந்தது.

அக்குடிப்பெயரும் எளிதில் நிலைக்கவில்லை. எழுத்து வேலை முழுவதும் இலத்தீனும் பிரெஞ்சும் அறிந்தவர் கையில் இருந்தது. வரி தண்டவந்த எழுத்தர் ‘உன் பெயர் யாது?’ என்று கேட்க, ‘சுமித்து’ என்று கொல்லன் விடையிறுத்தால், எழுத்தர் தாளில் ‘பாபர்’ என்று இலத்தீனில் எழுதுவார். அன்றேல் ‘இலெபெவர்’ என்று பிரெஞ்சில் எழுதுவார். இரண்டிற்கும் பொருள் கொல்லனே. சொன்னவன் சொன்ன சொல் மட்டும் தாளில் ஏறாது. இவ்வாறு ஓராண்டு ஈராண்டன்று; தலைமுறை தலைமுறையாக எழுதினர். அறமன்றங்களில் வழக்காடல் ஆங்கிலத்தில் நடைபெறல் வேண்டும் என்று 1362 ஆம் ஆண்டில் சட்டம் செய்தபோதும், ஆவணம் இலத்தீனிலேயே இருத்தல் வேண்டும் என்றனர். ஆங்கிலத்திற்கு வாழ்வளித்த அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பது நகைப்புக்குரியது. மன்ற ஆவணங்களிலிருந்து இலத்தீன் முற்றும் நீங்கியது 1733 ஆம் ஆண்டில்தான்.

இத்தனை நூற்றாண்டும் தாளில் ‘பாபர்’ இருந்தது. வாயில் ‘சுமித்து’ இருந்தது. இறுதியில் வென்றது வாய். இன்று இங்கிலாந்தில் பாபர் என்னும் குடிப்பெயர் அரிது. சுமித்து என்பதோ எண்ணில் முதலாவது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு நிலையை எண்ணாதிருத்தல் இயலாது. முதுகுன்றம் என்று மக்கள் சொன்னதை ஏட்டில் விருத்தாசலம் என்று பெயர்த்தெழுதினர். மறைக்காடு என்று சொன்னதை வேதாரணியம் என்று பெயர்த்தெழுதினர். சுமித்தைப் பாபராக்கிய அதே வேலை இது. பொருளை மாற்றாது மொழியை மட்டும் மாற்றும் வேலை. வேறுபாடு யாதெனில், ஆங்கிலக் கொல்லன் எழுத்தரின் ஏட்டைப் பொருட்படுத்தவில்லை. தமிழன் ஏட்டைப் பார்த்துத் தன் வாயைத் திருத்திக்கொண்டான். இன்றும் பேருந்தில் ஏறி ‘முதுகுன்றத்திற்கு ஒரு சீட்டு’ என்று கேட்பவனை நடத்துநர் ஏற இறங்கப் பார்ப்பார். கொல்லன் என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே. மதுரைப் பெருங்கொல்லனார் என்றும் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றும், ஊரும் தொழிலும் பெயரோடு சேர்த்துச் சங்கப் புலவர் நிமிர்ந்து நின்றனர். பின்னர்க் குலத்தாழ்ச்சி சுமத்தப்பட்ட அம்மக்கள், அத்தாழ்ச்சியினின்று விடுபட எண்ணி ‘ஆச்சாரி’ என்றும் ‘விசுவகர்மா’ என்றும் வடமொழிப் பெயர்களைச் சூடிக்கொண்டனர். குற்றம் அவர்மேலதன்று, கொல்லன் என்பதை இழிசொல்லாக்கியவர் மேலது. ஆயினும் இழப்பு தமிழுக்கே.

ஆங்கிலத்திலும் இந்நோய் இல்லாமலில்லை. பெயரிலுள்ள ஓர் எழுத்தை மாற்றிச் ‘சுமைத்து’ என்று ஒலித்துத் தம்மை மேட்டுக்குடியினராகக் காட்டிக்கொண்டோர் அங்கும் உளர். ‘சரவணன்’ என்னும் பெயரிற் கிரந்த எழுத்தைப் புகுத்தி மகிழ்வோர்க்கு அவர்கள் பங்காளிகள்.

சுமித்து என்னும் வேரிலிருந்து கிளைத்த பெயர்களோ பல. கோல்டுசுமித்து பொற்கொல்லன், ஏரோசுமித்து அம்புமுனை அடிப்பவன், நேசுமித்து கத்தி செய்பவன், சூசுமித்து இலாடம் அடிப்பவன். சிக்சுமித்து என்னும் பெயரில் ஆறு என்னும் எண் இருப்பதாக ஆங்கிலேயரே கருதுவதுண்டு. உண்மையில் அவன் அரிவாள் அடிக்கும் கொல்லன். அரிவாளைக் குறித்த சொல் நாத்தேய்ந்து ஆறாயிற்று. தச்சனைக் குறித்த ‘இரைட்டு’ என்னும் சொல் இன்னும் கருதத்தக்கது. பிரெஞ்சு வழிவந்த ‘கார்ப்பெண்டர்’ என்னும் சொல் அதனைத் தெருவினின்று துரத்திவிட்டது. ஆயினும் கார்ட்டிரைட்டு, வெயின்ரைட்டு, ஆர்க்ரைட்டு என்று வண்டியும் வையமும் பேழையும் செய்தவர் பெயர்களுக்குள் அது மறைந்து உயிர்வாழ்கின்றது. அகரமுதலியில் இறந்த சொல் கதவிலக்கத்தின் அருகே பெயர்ப்பலகையில் வாழ்கின்றது.

எல்லாம் பிழைத்தன என்று சொல்வது உண்மையாகாது. தையற்காரனைக் குறித்த ‘சீமர்’ என்னும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சின் ‘டெய்லர்’ முன் நிற்கமாட்டாது ஒழிந்தது. இறைச்சி விற்போனும் கல்தச்சனும் பிரெஞ்சுப் பெயரையே பெற்றனர். ஆங்கிலப் பாவியத்திற்குத் தந்தை என்று போற்றப்படும் சாசரின் குடிப்பெயரே, காலணியும் காலுறையும் செய்வோனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான். எத்தனை போயின என்பதை எண்ணினால்தான் எஞ்சியது எவ்வளவு அருமையுடையது என்பது விளங்கும்.

ஆக, ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொல் புகுந்தது விருந்தோம்பலால் அன்று. படையெடுப்பாலும், நிலப்பறிப்பாலும், எழுத்தர் கோலாலும், எள்ளல் நகையாலும் புகுந்தது. அதனைக் கண்டு வருந்திய ஆங்கிலேயரும் இருந்தனர். அவர்தம் பெயரைத் தமிழ்நாட்டு ஆங்கிலப் பேராசிரியர்கள் வகுப்பில் சொல்வதில்லை. கேம்பிரிட்சில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த சான் சீக்கு என்பவர், ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதுதல் வேண்டும் என்றும், திருப்பித் தராது கடன் வாங்கிக்கொண்டேயிருந்தால் மொழி நொடித்துப்போகும் என்றும் 1557 ஆம் ஆண்டிலேயே எழுதினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கும்போது, நூற்றுவர் தலைவனுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இலத்தீன் சொற்களை விலக்கிச் சொந்த ஆங்கிலச் சொற்களை ஆக்கினார். பிற்காலத்தில் தார்செட்டு வட்டாரத்துப் பாவலராகிய வில்லியம் பார்ன்சு, 1801 முதல் 1886 வரை வாழ்ந்தவர், இலக்கணத்தைக் குறிக்கும் கிரேக்க வழிச் சொல்லைத் தள்ளிப் ‘பேச்சுக்கலை’ என்று பொருள்படும் தனியாங்கிலச் சொல்லைப் படைத்து, 1878 ஆம் ஆண்டில் அப்பெயராலேயே நூல் வெளியிட்டார். அவர் முயற்சி பெரிதும் கைகூடவில்லை. அதற்குள் எண்ணூறாண்டு கடந்துவிட்டது. காலந்தாழ்த்து மருந்துண்டவன் பிழைக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டி, நோயுற்ற மற்றவனையும் மருந்துண்ண வேண்டாவென்று தடுப்பது அறிவுடைமையாமா?

கொல்லன் கதை இங்கு முடிந்திருந்தால் ஆங்கிலேயன் மேல் இரக்கம் ஒன்றே எஞ்சும். ஆனால் முடியவில்லை. தன் பெயர் பறிபோன துயரத்தை அறிந்தவன், அடுத்த வீட்டுக்காரன் பெயரைப் பறிக்கப் புறப்பட்டான்.

அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர், அந்நாட்டு ஐரிசு மொழியையும் பெயர்களையும் விரும்பி ஏற்கத் தொடங்கினர். அதனைத் தடுக்க 1366 ஆம் ஆண்டில் கில்கென்னிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆங்கிலேயர் எவரும் ஐரிசு முறையில் பெயர் வைத்துக்கொள்ளலாகாது. ஆங்கிலமே பேசுதல் வேண்டும் என்றன அவை. அச்சட்டங்களும் பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டன. ஆங்கிலம் பேசு என்று பிரெஞ்சில் கட்டளையிட்ட அரசின் தன்மையை என்னென்பது! நூறாண்டு கழித்து, 1465 ஆம் ஆண்டில், தபிளின், மீத்து, இலவுத்து, கில்தேர் ஆகிய வட்டாரங்களில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிசுக்காரர்க்கு வேறொரு சட்டம் வந்தது. அவர்கள் ஆங்கிலேயர் போல் உடுத்துதல் வேண்டும். மேலுதட்டு மயிரை மழித்தல் வேண்டும். ஓராண்டுக்குள் ஆங்கிலக் குடிப்பெயர் ஒன்றை ஏற்றல் வேண்டும். எப்பெயர் என்பதையும் சட்டமே எடுத்துக்கூறிற்று. சட்டன், செசுட்டர் போன்ற ஊர்ப்பெயர். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்னும் நிறப்பெயர். சமையற்காரன் போன்ற பணிப்பெயர். அன்றேல் தச்சன், கொல்லன் என்னும் தொழிற்பெயர். மறுப்பவன் ஆண்டுதோறும் தன் உடைமையை இழப்பான்.

கொல்லன் என்னும் பெயருக்குச் சட்டம் தந்த சொல் எது? பாபரன்று, இலெபெவரன்று. நார்மனியன் எழுத்தர்களை மீறி ஆங்கில உழைப்பாளி காத்துவைத்த அதே ‘சுமித்து’.

ஐரிசு மொழியில் கொல்லனுக்குக் ‘கவா’ என்று பெயர். கொல்லன் மகன் என்பதை ‘மாக் கவன்’ என்பர். காவன் வட்டாரத்தில் இக்குடியினர் மிகுதி. வேறு வட்டாரங்களில் அப்பெயர் சற்றுத் திரிந்து மக்கவன் என்று நிலைத்தது. காவனிலோ பெரும்பாலும் சுமித்து என்றே பெயர்க்கப்பட்டது. பெயரின் பொருள் மாறவில்லையே என்று சொல்வார் உண்டு. பொருள் மாறாததுதான் இக்கொடுமையின் கூர்மை. மாக் கவன் என்பதைக் கேட்டவன், இவன் யார் வழியினன், எம்மொழியினன் என்பதை ஒரு நொடியில் அறிவான். சுமித்து என்பதைக் கேட்டவன் ஒன்றும் அறியான். 1890 ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு மதிசன் என்னும் பதிவுத்துறை அலுவலர் கணக்கெடுத்தபோது, அயர்லாந்துக் குடிப்பெயர்களுள் ஐந்தாம் இடத்தில் நின்றது சுமித்து. நான்காம் இடத்து வால்சு என்னும் பெயருக்கு வேல்சு நாட்டான் என்பது பொருள். அதன் வேரோ ‘அயலான்’ என்னும் ஆங்கிலச் சொல்.

கார்ன்வாலில் இன்னொரு கொல்லன் வாழ்ந்தான். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையாகிய அந்நாட்டுக்கு அன்று தனிமொழி இருந்தது. சிகாத்துலாந்துப் போருக்கென விதித்த வரியை எதிர்த்து, 1497 ஆம் ஆண்டில் மைக்கேல் சோசப்பு என்னும் கருங்கொல்லன் பல்லாயிரவரைத் திரட்டி இலண்டன் வரை நடந்தான். அவ்வாண்டு சூன் 17 ஆம் நாள் படை முறிந்தது. 27 ஆம் நாள் அவனைத் தூக்கிலிட்டனர். அவனைத் தம் மொழியில் மக்கள் அழைத்த பெயர் ‘அன் கோப்பு’. கொல்லன் என்பதே பொருள். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்னிய மொழி பேச்சு வழக்கு ஒழிந்தது. ஆயினும் ‘அங்கோவ்’ என்னும் குடிப்பெயர் அங்கே இன்றும் உள்ளது. மொழி மாண்ட பின்னும் அதன் ஒரு சொல் வீடுகளில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அம்மொழியை மீண்டும் கற்கவும் பேசவும் 20 ஆம் நூற்றாண்டில் முனைந்தவர்களுக்கு இத்தகைய பெயர்களும் துணைநின்றன.

அமெரிக்காவில் சுமித்து என்னும் பெயர் பெருகியதும் ஆங்கிலக் கொல்லரின் வழித்தோன்றல்களால் மட்டுமன்று. செருமானியச் சுமிட்டுகள் பலர், சிறப்பாக முதல் உலகப் போரின்போது எழுந்த வெறுப்புக்கு அஞ்சிச் சுமித்து ஆயினர். அங்குள்ள சுமித்துகளில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் கறுப்பின மக்கள். அவர்தம் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணர்ந்தபோது, அவர்களுக்கு இருந்த பெயர்களைப் பெரும்பாலும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை.

ஐரிசு மக்களோ தம் பெயரை மறக்காதவர்களாகச் சிலரையேனும் பெற்றிருந்தனர். பின்னாளில் 1938 ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான தக்ளசு ஐடு, 1892 ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தை ஆங்கிலமயமாக்கலினின்று மீட்க வேண்டுமென்று சொற்பொழிவாற்றினார். மக்கள் தம் குடிப்பெயரை ஆங்கிலப்படுத்திக்கொள்ளும் இழிவை அதில் இடித்துரைத்தார். அடுத்த ஆண்டில் ஐரிசு மொழிக்கழகம் தோன்றியது. தோனகால் வட்டாரத்துப் பாவலர் நியல் மாக் கில்லாபிரீடு என்பவர் தம் கழுதை வண்டியில் தம் பெயரை ஐரிசில் எழுதிவைத்தார். வண்டி உரிமையாளர் பெயர் படிக்குமாறு எழுதப்படவில்லை என்று கூறி அவருக்குத் தண்டம் விதித்தனர். படிக்குமாறு என்றால் ஆங்கிலத்தில் என்பது பொருள். 1905 ஆம் ஆண்டில் தபிளின் உயர் அறமன்றத்தில் அவருக்காக வாதாடினார் இளம் வழக்குரைஞர் ஒருவர். தோற்றார். அவர் வழக்குரைஞராக மன்றேறியது அஃது ஒருமுறைதான். அவர் பெயர் பேட்ரிக்கு பியர்சு. தந்தையோ இங்கிலாந்திலிருந்து வந்த சிற்பி. ஆங்கிலக் குடிப்பெயருடன் பிறந்த அவர், பாட்ரிகு மாக் பியராசு என்று தம் பெயரை ஐரிசாக்கிக்கொண்டவர். 1916 ஆம் ஆண்டு எழுச்சியில் விடுதலை அறிக்கையைப் படித்து, அதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே 1916 ஆம் ஆண்டில்தான் இங்கே வேதாசலனார் மறைமலையடிகளாகித் தனித்தமிழ் இயக்கம் கண்டார். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே ஆண்டில்.

விடுதலை 1922 ஆம் ஆண்டில் வந்தது. 1937 ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிசை முதல் ஆட்சிமொழியாக அறிவித்தது. 1465 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பெயர் மட்டும் அரசு மாறியதால் தானே மாறிவிடவில்லை. காவனில் இன்றும் சுமித்துகளே மிகுதி. ஆயினும் அயர்லாந்தில், சிறப்பாக ஐரிசு வழியிற் கற்பிக்கும் பள்ளிகளில், பிள்ளைகளின் பெயரை ஐரிசு வடிவில் எழுதும் வழக்கம் உள்ளது. அங்கே காலையில் சுமித்து வீட்டிலிருந்து புறப்படும் சிறுமி, வருகைப் பதிவின்போது ஆசிரியர் மாக் கவன் குடிப்பெயரின் பெண்பால் வடிவைச் சொல்லி அழைக்க, எழுந்து நின்று விடைசொல்கின்றாள். உடனிருக்கும் பிள்ளைகள் எவரும் சிரிப்பதில்லை.